குறிப்புக் கட்டத்தில் ஒரு புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

இன்று இருபத்தொரு வண்டி பார்த்தேன். ஆறு ஃபெயில். ஆறாவது வண்டிக்காரர் போகும்போது, "இந்தம்மா கையில சிக்கினா குழந்தையைத் தள்ளிட்டுப் போற வண்டிகூட பாஸ் ஆகாது" என்று என் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வாகனப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு 'ஃபெயிலக்கா' என்று பெயர். பிரேக் பார்க்கிறவனை நாங்கள் 'மீசை' என்று கூப்பிடுவோம், அவன் வைத்த பெயர் அது. கோபப்படுவது போல் முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான்.

சாயங்காலம் தம்பி வந்தான். பதினாலு மாதம் கழித்து. வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்குகிறேன் என்றபோது நான் சொன்ன நாலு வார்த்தைக்காக, "நான் எதைச் செஞ்சாலும் ஃபெயில்தானா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனவன். இன்று ஒன்றுமே நடக்காதது போல் சோபாவில் சாய்ந்து டீ கேட்டான்.

பழைய கார் ஒன்று வாங்கப் போகிறானாம். பெண்டாட்டிக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. தினமும் அந்த வளைவுகளில் ஏறி இறங்கவேண்டும். குழந்தையையும் அங்கேயே காப்பகத்தில் விடுவார்களாம். "வண்டியோட பரிசோதனை வரலாறை எடுத்துட்டு வரேன். நீ பாத்துச் சொல்லு. உன்னைக் கேக்காம வாங்கமாட்டேன்" என்றான்.

அவன் போன பிறகு அவன் குடித்த டம்ளரைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அசடு.

மார்ச் 6, வியாழன்

தாளைக் கொண்டுவந்தான். ஐந்து வருடத்துக்கு ஐந்து வரி. முதல் மூன்றும் சுத்தம். நாலாவதில், 'பின்பக்கம் அடியில் துரு, கவனிக்கவும்.' கடைசி வரி போன வருடம் ஜூன் 11. எல்லாக் கட்டத்திலும் 'சரி'. பரிசோதகர் எண் 14. குறிப்புக் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி.

"துரு இருந்திருக்கு, சரி பண்ணிட்டாங்க. பதினாலு நீதானேக்கா? உன் கழுத்து அட்டையில பாத்திருக்கேன். ஃபெயிலக்காவே பாஸ் போட்ட வண்டி. இதுக்கு மேல என்ன வேணும்?"

அச்சு அழுக்கு என்று நினைத்து அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிறம் அவ்வளவு நல்லா இல்லையே" என்றேன். நிறமாம் நிறம்.

மார்ச் 7, வெள்ளி

எழுதித் தொலைக்கிறேன். இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

லிஃப்ட் பழுதானால் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கமுடியாது. ஆனால் அடிப்பாகத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் சான்றிதழை அச்சடிக்காது. வெளியே தெருமுனைவரை வண்டிகள் நிற்கும், ஹாரன் காதைப் பிளக்கும். அதனால் 'சரி' என்று போட்டுவிட்டு, குறிப்பில் ஒரு புள்ளி வைப்போம். பார்க்கவில்லை என்று அர்த்தம். நிலையத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். யார் ஆரம்பித்த பழக்கமோ, நான் சேரும்போதே இருந்தது. அடுத்த வருடம் வரும்போது புள்ளியைப் பார்த்து நன்றாகச் சோதித்துவிடலாம் என்பது கணக்கு. நடுவில் ஒரு வருடம் அந்த வண்டி ரோட்டில் ஓடும் என்பதை நாங்கள் யாரும் பேசிக்கொண்டதில்லை.

போன வருட நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 11-க்கு இரண்டே வரி. 'லிஃப்ட் படுத்துவிட்டது, ஒன்பது வண்டியை அப்படியே தள்ளிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன். முன்வரிசையில் இடம் கிடைத்தது, குட்டி மரமாக நன்றாக நின்றாள்.'

மகளின் பள்ளி நாடகம். அவளுக்கு மரம் வேஷம். அதற்காகத்தான் ஒன்பது வண்டி.

மார்ச் 8, சனி

போன் செய்து, "ஒரு ஒர்க்‌ஷாப்புல தூக்கிப் பாத்துட்டு வாங்குடா" என்றேன். விற்கிறவரிடம் கேட்டானாம். அவருக்கு ரோஷம் வந்துவிட்டதாம். "பதினாலாம் நம்பர் அம்மா பாஸ் போட்ட வண்டிங்க. அவங்க எப்படிப்பட்டவங்கன்னு ஊருக்கே தெரியும். அவங்களைவிட உங்க மெக்கானிக் பெரிய ஆளா?" என்று கேட்டாராம்.

இதைச் சொல்லிவிட்டுத் தம்பியே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "எதுக்கும் பாத்துடேன்" என்றேன் மறுபடியும்.

"ஆரம்பிச்சிட்டியா? காரணம் ஒண்ணும் சொல்லமாட்ட, வேணாம்னு மட்டும் சொல்லுவ. நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கப் போறேன்க்கா." வைத்துவிட்டான்.

காரணம் சொல்லலாம். ஒரே நிமிஷம் போதும். வாயைத் திறந்தால் பதினெட்டு வருடப் பேர் போய்விடும், வேலையும் போகலாம். மூடிக்கொண்டால் அந்த மலை வளைவில் பின்சீட்டில் குழந்தை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன பிறவி நான்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பிக்கு முன்னாலேயே போய்விட்டேன். கைப்பையில் டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும்.

விற்கிறவர் தடித்த கண்ணாடி போட்ட பெரியவர். வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். "பையனோட அக்காவா? பாருங்கம்மா, தாராளமா பாருங்க" என்று நாற்காலி போட்டார். நான் நாற்காலியில் உட்காராமல் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்ததும் பதறிவிட்டார். அந்த நேரத்தில்தான் தம்பியும் வந்தான். அவன் செருப்பு மட்டும் தெரிந்தது. "அக்கா, என்ன பண்ற? எழுந்திரு, மானத்தை வாங்காத."

அடிப்பாகம் முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பூச்சு. வெள்ளையடித்த சுவரை நம்பலாம், கறுப்படித்த சேஸிஸை நம்பவே கூடாது. பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்பு சேஸிஸோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். ஊறிய ரஸ்க்கில் இறங்குகிற மாதிரி கைப்பிடிவரை இறங்கிவிட்டது. துரு பொலபொலவென்று முகத்தில் கொட்டியது. பூச்சுதான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து காட்டினேன். பெரியவர் முகம் வெளுத்துப்போனது. துரு என்று எழுதிக் கொடுத்த வருடமே பட்டறையில் விட்டாராம், பூச்சடித்துச் சரியாகிவிட்டது என்று கொடுத்தார்களாம். "தினமும் இதுலதாம்மா நானும் என் சம்சாரமும் போறோம். போன வருஷம் பாஸ் ஆச்சே. பதினாலாம் நம்பர் அம்மா..."

"பதினாலு நான்தான். அன்னைக்கு நான் அடியில பாக்கலைங்க. பாத்ததா எழுதிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பி என்னையே பார்த்தான். "அன்னைக்கு இதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் நிறம் நல்லா இல்லைன்னியா?" என்று மட்டும் கேட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 10, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"புள்ளியா? எந்தப் புள்ளி? அது பிரிண்டர் கோளாறும்மா."

"நீங்களும் வச்சிருக்கீங்க சார்."

"இந்த ஒரு வண்டியைக் கூப்பிட்டுப் பாத்துக்கலாம். ஊதிப் பெருசாக்காதீங்க. உங்களுக்கும் குடும்பம் இருக்கு, எனக்கும் இருக்கு."

ஒன்பது வண்டிக்காரர்களுக்கும் குடும்பம் இருக்கும் சார் என்று சொல்ல நினைத்தேன். வெளியே வந்து ஒன்பது எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுத்துவிட்டேன். என் ஒன்பதைத்தான் எழுதினேன், மற்றவர்கள் புள்ளியை அவரவர் சொல்லட்டும். வீட்டில் இவர், "கொஞ்சம் பொறுத்துச் செஞ்சிருக்கலாம்" என்றார். அப்புறம் அவரே தோசை சுட்டுக் கொடுத்தார்.

மார்ச் 19, புதன்

தம்பி போனை எடுக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

விசாரணை முடிந்தது. வேலை போகவில்லை, பரிசோதகர் பொறுப்பு போய்விட்டது. இனி டோக்கன் கொடுக்கும் ஜன்னல். ஒன்பது வண்டியையும் திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவு. போன் செய்யும் வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள். நியாயம்தான்.

மீசை என்னிடம் பேசுவதில்லை. ஆனால் போன வாரம் லிஃப்ட் மறுபடியும் பழுதானபோது, 'இன்று பரிசோதனை இல்லை' என்று வாசலில் பலகை மாட்டிக் கதவைச் சாத்தியது அவன்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எட்டு வந்துவிட்டன. பெரியவர் வண்டியைச் சேர்த்து இரண்டு ஃபெயில், ஆறு நல்லபடியாக இருந்தன. ஒவ்வொன்றும் லிஃப்டில் ஏறும்போது ஜன்னலுக்குள் உட்கார்ந்தபடி டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தேன்.

ஒன்பதாவது வெள்ளை வண்டி. கடைசி எண் 47. போனை எடுத்த பெண், "அதை வித்து ஆறு மாசம் ஆச்சுங்களே. வாங்கினவங்க யாருன்னு தெரியாது, புரோக்கர் மூலமா போச்சு" என்றாள். புரோக்கரின் எண் உபயோகத்தில் இல்லை. பெயர்மாற்றமும் செய்யவில்லை.

வண்டி எங்கே ஓடுகிறது? யார் ஓட்டுகிறார்கள்?

மே 2, வெள்ளி

ஜன்னலில் தலை நிமிராமல், "அடுத்தது" என்றேன். தாளை நீட்டியது தம்பி. வேறு வண்டி பார்த்திருக்கிறான், வாங்குவதற்கு முன்னால் தூக்கிப் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறான். டோக்கன் கொடுத்தேன். "எத்தனை மணி ஆகும்?" என்றான். "ஒரு மணி நேரம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. போகும்போது என் மேஜையில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனான்.

மே 23, வெள்ளி

தம்பி அந்த வண்டியை வாங்கிவிட்டான். அவன் பெண்டாட்டிக்கு இந்த வாரம் மத்தியான ஷிஃப்ட் என்பதால் காலையில் அவன்தான் அதில் என்னை வேலைக்குக் கொண்டுவந்து விடுகிறான். நான் பேச்சுக்கு 'ம்' கொட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளையாக எது போனாலும் என் தலை தானாகத் திரும்பிவிடும். ஒன்பதாவது வண்டியை, அந்த 47-ஐப் பற்றி அவனிடம் நான் சொன்னதில்லை. இவர் சொல்லியிருப்பார்.

இன்று பாலத்தில் ஒரு வெள்ளை வண்டி எங்களைத் தாண்டிப் போனது. நம்பரைப் படிப்பதற்குள் நடுவில் லாரி வந்துவிட்டது. தம்பி ஒன்றும் கேட்காமல் வேகத்தைக் கூட்டி, லாரியைத் தாண்டி, அந்த வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"நாப்பத்தொண்ணுக்கா. அது இல்ல" என்றான். பிறகு பழைய வேகத்துக்கு வந்தான்.