புகைவீட்டில் காய்ந்த கிற்றார்

யட்டியாந்தோட்டை,
சனிக்கிழமை.

அன்புள்ள சிவகௌரிக்கு,

நீரும் மகளும் சுகமாயிருக்க வேண்டும். மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே என்னைத் தவிர எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அவ்வளவு மழை.

மகளுக்காக றப்பர் மரப் பலகையில் நான் செய்துகொண்டிருக்கும் கிற்றாருக்குப் போன கிழமை வார்னிஷ் பூசினேன். நான்கு நாளாகியும் காயவில்லை. தோட்டத்துக் கிளாக்கரின் மூளை சும்மா இருக்குமா? றப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில், ஷீட்டுகளுக்கு நடுவே கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். மறுநாள் பார்த்தால் நன்றாகக் காய்ந்திருந்தது. ஆனால் கருவாட்டு நிறம். அங்கே வேலை செய்யும் பிரேமலதா சிரிக்காமல் கேட்டார்: “கிளாக்கர் ஐயா, இதையும் தரம் பிரிச்சு அடுக்கிடவாங்க?”

பிறகு மூன்று பின்னேரம் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். நடுவில் தேன் நிறம் வந்தது. ஓரங்களில் புகை நிறம் அப்படியே நின்றுவிட்டது. பார்க்கிறவர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. புகை மணம் மட்டும் போகவில்லை; மகளிடம் இப்போதே சொல்லிவையும்.

இனி மினுக்குவதுதான் மிச்சம். அதற்கு மெல்லிய துணி வேண்டும். உம்முடைய நீலக்கரை நூல்சேலை பழசாகிவிட்டதல்லவா, அதைப் பார்சலில் அனுப்பும்.

தோட்டத்துக் கந்தோரில் தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உமது,
ஜதீஸ்வரன்

பி.கு.: இங்கே பழந்துணிக்குப் பஞ்சமில்லை. சேலையை ஒருநாள் உடுத்திவிட்டு, தோய்க்காமல் அனுப்பும்.