உம்மா கண் திறந்து பாலம் கடந்தது

கிண்ணியா
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சனூஸாவுக்கு வாப்பா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், நீங்களும் மருமகனும் அந்தக் கட்டார் வெயிலில் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். இந்தக் காலத்திலும் கடிதம் எழுதுகிறாரே என்று சிரிக்க வேண்டாம், ஃபோனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

போன கிழமை நீங்கள் சொன்னது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு உம்மாவை உளவளத்துணைக்குக் கூட்டிப்போய் இத்தனை மாதமாகியும் நித்திரை இல்லை, மழை இருட்டினால் நடுக்கம், இனி அதை நிறுத்திவிட்டு டொக்டர் தரும் குளிசையோடு விடுங்கள் என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வீட்டு றுமானாவையும் அதே வெள்ளத்தில் அதே தோணியில்தான் ஏற்றினார்கள், அவளும் உளவளத்துணைக்கு உம்மா போகும் அதே லக்சாயினி மிஸ்ஸிடம்தான் போனாள், சீக்கிரமே தேறி இப்போது கரைக்குப் போய் மீன் வாங்குகிறாள். உம்மாவுக்கு மட்டும் ஏன் சரிவரவில்லை என்று ஊரெல்லாம் கதை, உம்மாவைப் பார்த்து, மைமூனா மதினி பிடிவாதக்காரி என்று என் சொந்தத் தம்பியே சொன்னான்.

மிஸ்ஸிடம் போக டவுனுக்குப் பாலம் கடக்க வேண்டுமல்லவா, தண்ணீரைக் கண்டால் உம்மா பஸ்ஸிலேயே கத்திவிடுவார் என்று, நித்திரைக்கென்று நீங்கள் அனுப்பிய கறுப்புக் கண்பட்டியைப் பாலம் வரும் முன்னே அவருக்குப் போட்டுவிடுவேன். பெரிய வைத்தியம் செய்த நினைப்பு எனக்கு. ஆனால் பட்டி போட்டால் நடுக்கம் கூடுமே தவிரக் குறையாது. இதைச் சும்மா மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் உம்மாவிடம் திரும்பி, கண்ணை மூடினா உங்களுக்கு என்னம்மா தெரியுது என்று கேட்டார். உம்மா சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு யுத்தப் பிரச்சினையில் மூதூரிலிருந்து தோணியில் தப்பி வந்தபோது அவருக்கு எட்டு வயது. கரையில் நடப்பதைப் பிள்ளை பார்க்கக் கூடாதென்று அவருடைய வாப்பா சீலைத் துண்டால் கண்ணைக் கட்டியிருக்கிறார். கைக்குள் தங்கச்சியின் கை இருந்ததாம். துறைமுகம் வந்து கட்டை அவிழ்த்தபோது கையில் ஒன்றுமில்லை. அலையில் எப்போது நழுவியதென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லையாம். கலியாணம் முடித்து இவ்வளவு காலம், எனக்கே தெரியாது மகள். அங்கேயே அழுதுவிட்டேன்.

சிறு வயதில் இப்படி அடிபட்ட பெண்களில் சிலருக்கு வைத்தியம் பிடிக்க நாள் எடுக்குமாம், வெள்ளத்தை மட்டும் கதைத்தால் போதாதாம். சுணங்கும் ஐயா, ஆனா சுகப்படுத்த ஏலாது எண்டு இல்ல என்றார் மிஸ். அன்றிலிருந்து வெள்ளத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுத் தோணியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். பொய் சொல்ல மாட்டேன், முதலில் உம்மாவுக்கு இன்னும் மோசமானது, சோறு இறங்கவில்லை. பிறகு மெல்ல நித்திரை வந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமை பாலத்துக்குக் கிட்ட நான் பட்டியை எடுக்க, வேணாம், என்ட கையப் பிடிங்க என்றார். பிடித்த பிடியில் என் விரல் நொறுங்கிவிட்டது. பாதிப் பாலத்தில் என்னை இடித்து, நீங்க ஏன் கண்ணப் பொத்துறீங்க, தொறந்து பாருங்க என்று அதட்டல் வேறு. ஓம் மகள், பயத்தில் மூடியிருந்தது நான்தான். கீழே ஒரு வள்ளத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உம்மா நடுங்கிக்கொண்டேதான் பார்த்தார், ஆனால் பாலம் முடியும்வரை பார்த்தார்.

ஆகவே நிறுத்தச் சொல்ல வேண்டாம். எப்போது சுகமாகும் என்று ஃபோனில் கேட்காமல், இன்றைக்கு என்ன கறி என்று கேளுங்கள். வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் திரியாதீர்கள், மருமகனைச் சமைக்க விடுங்கள், உப்புக் கூடினாலும் பேசாமல் சாப்பிடுங்கள். கண்பட்டியை உம்மா கழுவி அலுமாரிக்குள் வைத்துவிட்டார், வரும்போது எடுத்துப் போகலாம்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தருவானாக. ஒன்றை மறந்துவிடாதீர்கள், உம்மாவே பக்கத்தில் இருந்து எழுதச் சொல்கிறார். தோணியில் கை நழுவிய உங்கள் சாச்சியின் பெயர் ஜெஸீமா. இனி துஆவில் அந்தப் பெயரையும் சேருங்கள்.

உங்கள் வாப்பா
அபூதாஹிர்