இடக்கைத் துப்பாக்கி

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
2 மார்ச் 2009

அன்புள்ள மார்லிஸ்,

பன்னிரண்டு வருடம் கழித்து உன் அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழிக்காமல் பிரித்தாயே, அதுவே போதும்.

ஐடஹோவில் உனக்குச் சொந்தப் பட்டறை இருப்பதையும், நீ செய்யும் துப்பாக்கிக்கு ஒன்றரை வருடம் காத்திருக்கிறார்கள் என்பதையும் ஒரு பத்திரிகையில் பார்த்தேன். முடிதிருத்தும் கடையில் எல்லோருக்கும் காட்டினேன்.

குளிர்காலத்தில் வலது கண்ணில் விழித்திரை கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை ஆயிற்று. "வலது தோள்ல இனிமே துப்பாக்கி வச்சீங்கன்னா அந்தக் கண்ண மறந்துடுங்க" என்றார் டாக்டர். மேய்ச்சல் நிலமெங்கும் மண்ணில் வளை தோண்டும் அணில்கள். போன வாரமும் ஒரு கன்று வளைக்குள் காலை விட்டு ஒடித்துக்கொண்டது. இடது தோளில் வைத்துச் சுட, உதை இல்லாத சின்னத் துப்பாக்கி ஒன்று செய்து தருவாயா? தோட்டா அளவில் பதினேழு என்ற சின்ன ரகம் நல்லது என்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா

லூயிஸ்டன், ஐடஹோ
11 மார்ச் 2009

அப்பாவுக்கு,

பண்ணையைப் பற்றி இரண்டு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். பதினோரு வருடம் அதை ஓட்டியது நான். கலிஃபோர்னியாவிலிருந்து அண்ணன் டுவேன் திரும்பிய அதே மாதம் நீங்கள் அவன் பெயருக்கு எழுதிவைத்தீர்கள். இந்த ஒரு வரியோடு நிறுத்துகிறேன். கண் சரியில்லாத மனிதரிடம் சண்டை பிடிக்க மனம் வரவில்லை.

பதினேழு வேண்டாம். குண்டு மிகவும் இலேசு. நம் ஊர்க் காற்றில் இருநூறு கஜம் தாண்டினால் அது இஷ்டத்துக்குப் போகும். குழலும் சீக்கிரம் அழுக்கேறும். இருநூற்று இருபத்துமூன்று ரகத்துக்குத் தோட்டா எங்கும் கிடைக்கும், ஆனால் உதை சற்று அதிகம். நடுவில் இருக்கும் இருநூற்று நான்கு ரகம் போடுகிறேன். முந்நூறு கஜத்திலும் காற்றுக்கு ஓரளவு நிற்கும். உதை குறைவு, குண்டு விழும் இடத்தைத் தொலைநோக்கியிலேயே பார்க்கலாம்.

தோட்டா ஏற்றும் போல்ட் இடது பக்கம் வைத்த துப்பாக்கி உடல் ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொருவருக்காக வைத்திருந்தேன், அவர் காத்திருக்கட்டும். குழல் துருப்பிடிக்காத எஃகு, இருபத்துநான்கு அங்குலம். தோளில் பதியும் கட்டை வால்நட் மரமா, கண்ணாடி இழையா? முழங்கை மடிப்பிலிருந்து விசை இழுக்கும் விரல் வரை அளந்து அனுப்புங்கள். மே மாதம் நானே கொண்டுவந்து தருகிறேன். கண்ணையும் பார்த்தாற்போல இருக்கும்.

மார்லிஸ்

மைல்ஸ் சிட்டி
20 மார்ச் 2009

அன்புள்ள மார்லிஸ்,

கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். நீ சொல்வதுபோல் இருநூற்று நான்கே இருக்கட்டும். கட்டை வால்நட், அடர்ந்த நிறமாக, ரேகை ஓடுவதாகப் பார்த்துப் போடு. அளவு பதினான்கரை அங்குலம். விசை ரொம்ப இலேசாக வேண்டாம், குளிரில் கையுறையோடு சுட வேண்டியிருக்கும்.

நீ அலைய வேண்டாம். மே மாதம் கன்றுகளுக்குச் சூடு போடும் வேலை, வீடு நிறைய ஆட்கள். ஊர்த் துப்பாக்கிக் கடைக்கு அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா

லூயிஸ்டன்
4 ஏப்ரல் 2009

அப்பாவுக்கு,

இரண்டு வாரமாக வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். ஒற்றைக் கண்ணோடு இருப்பவர் கன்னத்தைக் கட்டையில் எங்கே வைப்பார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "கப்பல் கொள்ளக்காரி ஆயிட்டியா?" என்று சிரித்தார். "எங்கப்பாவுக்காக" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நேற்று கட்டையை அறுக்க உட்கார்ந்தேன். பதினான்கரை. அம்மா போனபிறகு உங்கள் சட்டைக் கைகளை மடித்துத் தைத்தவள் நான். உங்கள் அளவு பதின்மூன்றைத் தாண்டாது. எழுபத்தொரு வயதில் யாருக்கும் கை வளராது.

நம் வீட்டில் இடக்கைக்காரன் ஒருவன்தான். துப்பாக்கி யாருக்கு?

மார்லிஸ்

மைல்ஸ் சிட்டி
12 ஏப்ரல் 2009

மார்லிஸ்,

டுவேனுக்கு. ஜூனில் அவனுக்கு ஐம்பது. அவனுக்கு என்று கேட்டிருந்தால் நீ செய்திருக்க மாட்டாய். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அது பக்கத்துப் பண்ணைக்காரருக்கு நடந்தது.

நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வயதில் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு பொருளிலாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாதியில் விட்டுவிடாதே.

அப்பா

லூயிஸ்டன்
30 மே 2009

அப்பாவுக்கு,

துப்பாக்கியைக் கடைக்கு அனுப்பிவிட்டேன். நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. இதைவிட நல்லது நான் செய்ததில்லை. வேண்டுமென்றே மட்டமாகச் செய்யக் கை வரவில்லை.

கண் விஷயத்தை மட்டும் நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது. அந்த முதல் கடிதம் வந்த அன்று பட்டறையைப் பூட்டிவிட்டு அழுதேன்.

யார் செய்தது என்று அவனிடம் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

மார்லிஸ்

மைல்ஸ் சிட்டி
28 ஜூன் 2009

அன்புள்ள மார்லிஸ்,

விருந்து நன்றாக நடந்தது. மாட்டிறைச்சி சுட்டோம், அறுபது பேர் வந்தார்கள். டுவேன் துப்பாக்கியைத் தோளில் வைத்ததும், "எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கே" என்றான். மறுநாள் முந்நூறு கஜத்தில் அணிலை அடித்துவிட்டு, "யாருப்பா செஞ்சது?" என்று கேட்டான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். உன் பெயரைச் சொன்னால் அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பான். அவன் கோபம் உனக்குத் தெரியும். டென்வரில் ஒரு ஆள் என்று சொல்லிவிட்டேன். சமயம் பார்த்துச் சொல்கிறேன். நீ புரிந்துகொள்வாய், சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான்.

ஒரு விஷயம். அவன் மகளும் இடக்கைக்காரி. அவளுக்கும் இதேபோல் ஒன்று வேண்டுமாம். அளவு பன்னிரண்டேமுக்கால். இந்த முறை பொய் இல்லை.

அன்புடன்,
அப்பா

லூயிஸ்டன்
9 ஜூலை 2009

திரு. ஆர்விட் ஹேகன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இப்பட்டறை தங்கள் ஆர்டரை ஏற்க இயலாது. இடக்கைத் துப்பாக்கி நன்றாகச் செய்யும் ஒருவரின் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அவர் டென்வரில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
எம். ஹேகன்
துப்பாக்கி வேலை