நீ ஓட்டாத கார்

என் ஆசை அண்ணனுக்கு,

நேற்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வாசல் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. சாப்பிட்ட இலைகளைத் தென்னந்தோப்புப் பக்கம் கொட்டியிருக்கிறார்கள், சாரலில் நனைந்து நாறுகிறது. ஆனால் எனக்குக் குமட்டுவது அதனால் இல்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

ரோடு பிரிகிற இலஞ்சி விலக்கில் உனக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். சித்தப்பா ஏற்பாடு. உன் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒரு வெள்ளைக்கார ரேஸ் டிரைவரின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கக்கத்தில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு ரேஸ் கார். 'வேகத்தை நேசித்த எங்கள் சிங்கமே, அந்த வேகமே உன்னைக் கொண்டுபோனதே' என்று மஞ்சள் எழுத்து. கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். அதில் சித்தப்பா மகன் தினேஷின் தலைதான் பெரியது, கூலிங் கிளாஸோடு. பார்த்ததும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓரமாகப் போய்த் துப்பினேன். நிஜமாகவே துப்பினேன், அண்ணே.

வேகத்தை நேசித்தவனாம். நீயா?

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போகிற பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருகிறவன் நீ. முதல் வளைவுக்கே உன் முகம் வெளுத்துவிடும். எந்த வண்டியில் ஏறினாலும், கல்யாண வேனாக இருந்தாலும், வாந்திக்குப் பயந்து முன்சீட்டில் ஜன்னலோரம் கேட்பாய். வயது முப்பது தாண்டியும் உனக்கு பைக் ஓட்டத் தெரியாது. தென்காசியில் நீ வீட்டு பிளான் வரைகிற ஆபீசுக்கு என் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் வருவாய், பையை மடியில் வைத்துக்கொண்டு. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் என் தோளைப் பிடித்துக்கொள்வாய். "தங்கச்சி வண்டில மகராசா வாராருடே" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். இது ஊருக்கே தெரியும்.

ஊருக்கே தெரிந்ததைத்தான் இப்போது இல்லையென்று ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு நம் வாசலில் இருந்துதான் கிளம்பினீர்கள். தினேஷ் தன் கார் புதுசு என்று காட்ட உன்னை ஐந்தருவிக்குக் கூப்பிட்டான். நீ வழக்கம்போல முன்சீட்டில், இடது பக்கம் உட்கார்ந்து, மழையையும் பார்க்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டாய். கையில் துண்டு. எனக்கு டாட்டா காட்டினாய். மத்தியானம் தினேஷின் போன் வந்தது. "அக்கா, நான் பிரேக் போட்டேன்க்கா, நிக்கலக்கா, புளியமரத்துல போயிட்டுக்கா, அண்ணன் பேச மாட்டேங்கான்க்கா" என்று அழுதான். அவனுக்கு மணிக்கட்டில் ஒரு கட்டோடு போயிற்று. உனக்கு ஆனதை எழுத என் கை வரவில்லை.

அந்த அழுகை உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசின பிறகு பேச்சே மாறிவிட்டது. போலீஸ் வந்து கேட்டபோது, "அண்ணன்தான் சார் ஓட்டுனான், நான் சொல்லச் சொல்லக் கேக்கல" என்று சொன்னான். உன்னைத் துணியால் மூடி வைத்திருந்த அறைக்கு வெளியே நின்று சொன்னான்.

ஏன் தெரியுமா? தினேஷ் எஸ்.ஐ. வேலைக்குத் தேர்வாகிவிட்டான். வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. பேரில் ஒரு கேஸ் இருந்தால் வேலை கிடையாது. நம் சொந்தத்தில் காக்கிச் சட்டை என்றால் சாமிக்கு அடுத்தபடிதானே. அப்பாவே ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா சொன்னார்: "போனவன் போயிட்டான்ண்ணே. இருக்கவன் பொழப்பப் பாப்போம். செத்தவன் மேல கேஸ் நிக்காது, தானா முடிஞ்சிரும். உனக்குத் தெரியாததா?"

அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணே, அப்பா மேல் எனக்கு இப்படி ஓர் அருவருப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இதற்கெல்லாம் அவர்கள் பிடித்த சாட்சி எது என்று கேட்டால் நீ நம்ப மாட்டாய். நம்முடைய கட்டை கேம்.

உனக்கு நினைவிருக்கும். அப்பாவின் கடையநல்லூர் சிநேகிதர் துபாயிலிருந்து வந்தபோது கொடுத்த பழைய கம்ப்யூட்டர், அதற்குள்ளேயே இருந்த கேம். பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கோர்த்து நாமே ஒரு காரைக் கட்டி, அதையே ரேஸில் ஓட்ட வேண்டும். நிஜக் கட்டைகளை நாம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. திரையில் பார்த்ததே போதுமாக இருந்தது. லீவு நாளில் காலையில் உட்கார்ந்தால் நீ மத்தியானச் சோறு வரைக்கும் கட்டுவாய். மேலே பால்கேன் ஏற்றின மினிபஸ் ஒன்று கட்டினாய். மங்குஸ்தான் தள்ளுவண்டி கட்டினாய். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பெஞ்சுக்கு நான்கு சக்கரம் வைத்தாய். அப்பாவுக்காக ஒரு போலீஸ் பூத்தையே ஓடவிட்டாய். மற்றவர்கள் ஜெயிப்பதற்குக் கார் கட்டுவார்கள். உனக்குக் கட்டினால் போதும்.

ஓட்டினது நான். எப்போதும் நான்தான். மோதினால் கட்டைகள் தெறித்து விழும், அதைப் பார்ப்பதற்காகவே மோதுவேன். "ஏட்டி, இடிக்காதட்டி! காலைலருந்து கட்டுனதுட்டி!" என்று தலையில் கை வைத்துக்கொள்வாய். மினிபஸ்ஸின் கூரை போய்விடும், சக்கரத்தோடும் ஒரு பால்கேனோடும் நான் கடைசியாக வந்து சேருவேன். மறுபடி முதலிலிருந்து கட்டுவாய். ஒருநாளாவது நீ ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டதுண்டா?

விருந்தாளி வந்தால்தான் சிக்கல். "கோமதி, காப்பி கொண்டுவா" என்று அம்மா கூப்பிடுவாள். நான் கீபோர்டை உன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்திருப்பேன். நீ விரலைக்கூட வைக்க மாட்டாய். மற்ற கார்களெல்லாம் பறந்து போகும், நம் மினிபஸ் மட்டும் கிளம்பின கோட்டிலேயே நிற்கும். சித்தி உள்ளே எட்டிப்பார்த்து, "பய என்னமா கார் ஓட்டுதான்!" என்பாள். திரையை ஒரு பார்வை பார்த்திருந்தால் வண்டி நகரவில்லை என்று தெரிந்திருக்கும். அவள் பார்த்தது நாற்காலியில் இருக்கிற பையனை மட்டும்தான். காப்பித் தட்டோடு நான் வருவேன், நீ வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருப்பாய்.

நேற்று சாப்பாடெல்லாம் முடிந்து எல்லாரும் முன்அறையில் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு ஸ்டேஷனில் வீட்டு ஆட்களை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்கு ஒத்திகை. பாயசம் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டே சித்தப்பா சொன்னார், "எல்லாரும் ஒண்ணு போல சொல்லணும். முத்துவுக்குச் சின்னதுலருந்தே கார்னா உசுரு. அவன்தான் சாவியப் பிடுங்கினான். அவ்வளவுதான்."

நான் சொன்னேன், "அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது."

"என்னட்டி தெரியாது?" என்றாள் சித்தி. "நாங்க வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர்ல கார்தானே ஓட்டிக்கிட்டு கெடந்தான்? நாங்க கண்ணால பாத்தோம்லா!"

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஆமாம், பார்த்தோம், ரேஸ் பைத்தியம், அப்போதே நினைத்தோம் என்று ஆளுக்கு ஒன்று. உன் பின்சீட்டுப் பயணத்தைக் கேலி செய்து சிரித்தவர்களும் அதில் உண்டு. தினேஷ் தலையைத் தூக்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் ஸ்டேட்டஸில் உன் படத்தை ஒரு ரேஸ் கார் வீடியோவோடு போட்டிருக்கிறான், பின்னால் சோகப் பாட்டு. யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தானோ என்னவோ.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கோமதி, காப்பி எடுத்துட்டுப் போ."

நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே தட்டோடு வந்தாள். யாருக்கும் கொடுக்காமல் தட்டைத் தரையில் வைத்தாள்.

"அவன் ஒருநாளும் ஓட்டல," என்றாள். "அவன் கட்டுவான். ஓட்டுனது இவ. நீங்க வரும்போதெல்லாம் காப்பிக்கு இவள நான் எழுப்பிவிடுவேன். அதான் உங்க கண்ணுக்கு அவன் ஓட்டுத மாதிரி தெரிஞ்சிது."

சித்தப்பா, "மைனி, யோசிச்சுப் பேசுங்க" என்றார்.

"பதினாறு நாளா அதத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தேன்." பிறகு தினேஷைப் பார்த்தாள். "ஏலே, நீ அன்னைக்கு போன்ல அழுதத ஸ்பீக்கர்ல நானும் கேட்டேம்லா. நான் பிரேக் போட்டேன்னுதான சொன்ன?"

அவன் அழ ஆரம்பித்தான். சித்தி அவனை அணைத்துக்கொண்டு எழுந்தாள். என் பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்காமல் தாயும் மகளும் ஓய மாட்டீர்கள் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். காப்பி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

தினேஷ் பாவம் என்று உனக்குத் தோன்றுமோ? உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான், எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. மழையில் வண்டி நிற்கவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் இந்த வீட்டில் யாராவது அவனை வெறுத்திருப்போமா? வேகமாகப் போகிறான் என்று தெரிந்ததும் நீ அவனிடம் என்ன சொன்னாய், அண்ணே? கேமில் எனக்குச் சொல்வதைத்தான் சொன்னாயா? அவன் காதில் விழுந்ததா?

எல்லாரும் போன பிறகு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்மாவும் நானும் பயந்துவிட்டோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். கக்கத்தில் அந்த ஃபிளெக்ஸ், சுருட்டி. கயிற்றை அறுத்து இறக்கிவிட்டார். அதைப் பின்வாசலில் விரித்து, எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி விறகின் மேல் மூடி, நாலு முனையிலும் கல் வைத்தார்.

"விறகாவது நனையாம இருக்கட்டும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், "நாளைக்கு எத்தனை மணிக்குட்டி போவணும்?"

மூன்று பேரும் போகிறோம், அண்ணே. அப்பா பஸ்ஸில் வந்துவிடுவார். அம்மா என் பின்னால் உட்காருவாள், உன் இடத்தில். எஸ்.ஐ. கேட்பார், நான் சொல்வேன். என் அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது சார், கம்ப்யூட்டரில்கூடத் தெரியாது, அதில் ஓட்டினது நான் என்று சொல்வேன். அவர் சிரித்தாலும் சொல்வேன். உன் பேரில் இருக்கிற அந்தப் பொய்யை எடுக்காமல் திரும்பி வரமாட்டேன்.

ரோடெல்லாம் வழுக்குகிறது. மெதுவாகத்தான் ஓட்டுவேன். எதிலேயும் இடிக்க மாட்டேன்.

நீ கட்டியதையெல்லாம் ஓட்டிய உன் தங்கச்சி,
கோமதி