திரும்பி வந்த விளக்கு

பேர்லின்
2.9.2006

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை, உயிரோடு இருக்கிறோம். ரொறன்ரோவில் குளிர் தொடங்குமுன் சின்னவனுக்கு நல்ல சப்பாத்து வாங்கு, போன வருடத்தது இனி அளவாயிராது.

போன மாதம் நாங்கள் ஜப்பானுக்குப் போய்வந்ததை நீ டெலிபோனில் கேட்டபோது அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாசி மாதம் உன் தம்பி அமலன் ஆராய்ச்சிக்குப் போன படகு கவிழ்ந்த இடம் ஒரு சின்ன மீன்பிடி ஊர். கணவாய் காயப்போட்ட வாடை வர, எங்கட ஊர் பாசையூர் மாதிரியே கிடக்கு எண்டு சொல்லி அம்மா நடக்க மாட்டாமல் நின்றுவிட்டாள். மலைமேல் ஒரு கோயில், கடலுக்குள் நிற்கும் பாறைக்குக்கூட வைக்கோல் கயிறு கட்டிக் கும்பிடுகிறார்கள், இவ்வளவு தெய்வம் இருந்தும் என் பிள்ளையின் உடம்பையாவது தரவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று அங்கே ஏதோ திருநாள். சனமெல்லாம் கடதாசி விளக்கில் பேர் எழுதிக் கடலில் விட்டார்கள். கடலுக்குப் போனவர் திரும்பிவர நாங்கள் ஊரில் மெழுகுதிரி கொளுத்துவோமே, அப்படி ஒரு நேர்த்தி என்று நினைத்து அம்மாவும் ஒன்று வாங்கித் தமிழில் அமலன் என்று எழுதினாள். மற்ற விளக்கெல்லாம் போக, எங்களுடையது மட்டும் அலையில் கரைக்கே திரும்பி வந்தது. நேர்த்தி போய்ச் சேரவேணும், தள்ளிவிடுங்கோ எண்டு அம்மா கத்த, நான் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளிவிட்டேன். விடுதிக்குத் திரும்பும்போதுதான் எங்களைக் கூட்டிப்போயிருந்த, அமலனோடு வேலை செய்த ஜெர்மன்காரப் பெடியன், இறந்தவர்களின் ஆத்துமாவை வழியனுப்பும் விளக்கு அது, நீங்கள் விடை கொடுத்தது நல்லது என்றான். எங்களுக்குத் தெரியும் என்றுதான் அவன் நினைத்திருக்கிறான்.

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. டொக்டரிடம் டெர்மின் எடுத்து நாளும் குறித்து வைத்தேன், வரமாட்டேன் என்கிறாள். அமலனின் ஆத்துமாவுக்குப் பூசை வைப்போமா என்று பங்குச் சுவாமி வந்து கேட்டார், அந்த விளக்கோட என்ர வாயாலதானே அவனைப் போகச் சொன்னனான், இனிப் பூசை எதுக்கு எண்டு கதவைச் சாத்திவிட்டாள். எனக்கும் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போயிற்று மகள். கடைசியாக, விளக்கு எங்களைத் தேடித் திரும்பி வந்ததே, அதை நினை என்றேன். தள்ளினாப் பிறகு வரேல்லையே எண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் டெலிபோன் எடு, விளக்குக் கதையை நீயாகத் தொடங்காதே, பிள்ளைகளின் குரலைக் கேட்கவை. அவர்களைத் தண்ணீர்ப் பக்கம் தனியே விடாதே. அந்தோனியார் உங்களையாவது காப்பாராக.

உன் அப்பா
தவராசா