வலது கண்ணைப் பற்றி எலியாஸுக்கு

திருத்தணி,
20 நவம்பர் 1949.

மகன் எலியாஸுக்கு உன் அம்மா தபிதாள் எழுதுவது. கர்த்தர் உன்னையும் மருமகள் தேவசுந்தரியையும் காக்கட்டும். மற்றபடி இந்தக் கடிதத்தில் பிரியத்தைத் தேடாதே. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வரிகள் கோணிக்கொண்டு போனால் காரணம் உண்டு. என் வலது கண் போய்விட்டது. அவனுக்கு எழுதாதே, பிள்ளை மனசு உடைந்துவிடும் என்று உன் நைனா சொன்னார். உடையட்டும்.

ஜூன் மாதம் நீ லீவில் வந்திருந்தபோது உன்னிடம் சொன்னேன். நெற்றிப்பொட்டு தெறிக்கிறது, சீப்பு பட்டால் உயிர் போகிறது, தலையணையில் அந்தப் பக்கம் சாய முடியவில்லை என்று. நாடி பார்த்தாய், நாக்கை நீட்டச் சொன்னாய். வலிக்கிறது என்று நான் காட்டிய இடத்தில் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை. பிறகு நைனாவிடம் போய், "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்க நைனா. ஸ்கூல் வேலைய விட்டதுலேர்ந்து பொழுது போகல. யாராச்சும் கவனிக்கணும்னு வலி வலின்னு சொல்லிகினு இருக்காங்க" என்றாய். அவரும் "ஆங், ஆங்" என்றார். நான் சமையலறையில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். காது நன்றாகத்தான் கேட்கிறது எனக்கு.

மிஷன் பள்ளியில் எத்தனை பெண்கள் தலைவலி, வயிற்றுவலி என்று என்னிடம் வந்து நின்றிருப்பார்கள்! பாதிப் பேர் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வந்தவர்கள்தான். ஆனாலும் ஒருத்தியைக்கூட விசாரிக்காமல் வகுப்புக்குத் திருப்பி அனுப்பியதில்லை. நீ படித்த டாக்டர், பெற்றவளை அனுப்பிவிட்டாய்.

ஆகஸ்டில் தாடை பிடித்துக்கொண்டது. சோற்றை மெல்ல ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் கடுக்கும், நிறுத்தினால் விட்டுவிடும். எழுதினேன். பல் சொத்தையாக இருக்கும், பிடுங்கிவிடுங்கள் என்று நாக்பூரிலிருந்து பதில் போட்டாய். டாக்டர் மகன் சொன்னானே என்று அரக்கோணம் போய் நல்ல கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கடுப்பு அப்படியே இருந்தது. செப்டம்பரில் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வலது கண்ணில் புகை மூடினாற்போல் இருந்தது. பாட்டு முடிவதற்குள் தெளிந்துவிட்டது. அதையும் எழுதினேன். வயதாகிறது, கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு கார்டு வந்தது.

போன மாதம் ஒரு காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முறத்தில் பாதி காணவில்லை. கண்ணைத் தேய்த்தேன், கழுவினேன். மத்தியானத்துக்குள் அந்தக் கண்ணில் வெளிச்சமே இல்லை. உனக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்றார் நைனா. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள்தான் சண்டை பிடித்தாள். "அவுரு பதில் வர்றதுக்குள்ள அம்மாவுக்கு இன்னொரு கண்ணும் பூடும். கெளம்புங்க ஐயா" என்று எங்கள் இரண்டு பேரையும் ரயில் ஏற்றிவிட்டாள்.

பட்டணத்தில் பக்தவச்சலம் என்ற கண் டாக்டர் பார்த்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நெற்றிப்பொட்டைத் தடவியதும் அவர் முகம் மாறியது. அங்கே ரத்தக்குழாய் கயிறு மாதிரி தடித்துக் கிடக்கிறது, துடிப்பே இல்லை என்றார். குழாயின் சுவர் அழன்று வீங்கி, வழி அடைபடுகிறதாம். தாடைக்குப் போகும் ரத்தம் குறைந்ததால்தான் மெல்லும்போது கடுப்பு. கண்ணுக்குப் போவது நின்றதும் பார்வை போயிற்று. டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ் என்று பெயர் சொன்னார். அந்த இடத்தை மரக்கவைத்துக் குழாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். தலைவலி முக்கால்வாசி அடங்கிவிட்டது. கண் திரும்பாது என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். மூட்டுவலிக்கு அமெரிக்காவில் ஏதோ புது மருந்து கண்டிருக்கிறார்களாம். இதற்குக் கேட்குமா என்பது அவருக்கும் தெரியவில்லை, இங்கே கிடைக்கவும் கிடைக்காதாம்.

நோயின் பெயர் உனக்குத் தெரியாததற்காக நான் கோபிக்கவில்லை. அவரே பத்திரிகையில் படித்ததுதான், கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். முன்னாலேயே வந்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நீ தப்பிக்கப் பார்க்காதே. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் வேறு டாக்டரைத் தேடிப் போயிருப்பேன். நீயோ வலியே இல்லை என்றாய். அதை நம்பி இந்த வீட்டில் எல்லோரும் நான் நடிக்கிறேன் என்று நினைத்தார்கள். ராத்திரியில் நானே அப்படி நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன், எலியாஸ். கண் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் ஆஸ்பத்திரிக்கு வயதான பொம்பளைகள் வருவார்களே, அவர்களிடமாவது வாயைத் திறந்து கேள்.

கிளம்பும்போது டாக்டர் நைனாவை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, எத்தனை என்று கேட்கிறார். சரியாகச் சொன்னால் வெளியே போய் மூக்கைச் சிந்துகிறார்.

மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போடாதே. கிழித்துவிடுவேன். லீவு எடுத்துக்கொண்டு நேரில் வா. திட்டுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. தேவசுந்தரியையும் கூட்டி வா. இருட்டில் வந்து சேரும் வண்டியில் வராதே. பட்டணத்தில் காலை வண்டி பிடித்தால் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். கர்த்தர் உங்களை வழியில் எங்கும் தாமதிக்காமல் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அம்மா,
தபிதாள் சத்தியநாதன்.