ஐந்தாம் பிட்ச்

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

நம் அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. தகுதிச் சுற்று நடந்தது நம் மைதானத்தில். பிட்சுக்குக் களிமண் கொடுத்தது நான். நாங்கள் நலம். உன் நலம் கேட்டு எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றும் திரும்பி வரவில்லை, பதிலும் இல்லை. போனில் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

மண் எங்கே எடுத்தேன் என்று கேட்பாய். வெளியே விசாரித்ததில் லாரி வாடகை மண் விலையைத் தாண்டியது. குடோனுக்குப் பின்னால் உள்ள நம் காலி மனையையே தோண்டினேன். நீ பந்து போட்டுப் போட்டு இறுக்கிய அதே இடம். இவ்வளவு நல்ல களிமண் பார்த்ததில்லை என்று சோதனைக்கூடத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று எனக்குப் பெருமை வேறு.

வரிசையாக ஐந்து பிட்ச் போட்டோம். ஆட்டம் நடுவில் உள்ளதில். உருட்டி முடித்த மறுநாள் காலை ரோலர்காரர் கூப்பிட்டார். நடு பிட்சில், பந்து போடும் கோட்டருகே, கால் பதிந்த ஒரு குழி. அதன் பின்னால் இழுத்த தடம். யாரை உள்ளே விட்டாய் என்று காவல்காரரைத் திட்டினேன். ரோலர்காரர் புல்லைக் காட்டினார். சுற்றிலும் பனி கலையாமல் கிடந்தது. “ஓடி வராம எப்படிங்க பந்து போடுவாங்க?” என்றார்.

நிரப்பி உருட்டினோம். மறுநாள் அதே குழி, விரலளவுகூட விலகவில்லை. மூன்றாம் நாள் நானே குனிந்து பார்த்தேன். இடது கால் இழுவை. தடம் முழுக்க சைக்கிள் டயரின் பூ அச்சு.

பந்து போடும்போது இழுபட்டு இடது ஷூ முனை தேய்கிறது, புதிது வேண்டும் என்று நீ அன்று கேட்டாய். பந்து போட்டால் வயிறு நிறையுமா என்று சொல்லி, பழைய டயரை வெட்டி முனையில் ஆணியடித்துக் கொடுத்தேன். அணித் தேர்வுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாய். ஆணி பிட்சைக் கிழிக்கிறது என்று இரண்டாவது பந்திலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த மாதமே கடல் தாண்டிப் போனாய்.

உன் அண்ணியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “தம்பி கேட்டப்ப நீங்க குடுக்கல. இப்ப கேக்காமலே எடுத்துக்குது,” என்றாள். அவன் அங்கே நல்ல வேலையில் இருக்கிறான், வாயைக் கழுவு என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கிரிக்கெட் வாரிய மேலிடத்து ஆட்கள் பிட்சைப் பார்வையிட வருவதாக இருந்தது. குழி இருந்தால் போட்டி வேறு ஊருக்கு. வெளியூரில் நம் பையன்கள் தேறமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எனக்குத் தெரிந்தது பேரம் ஒன்றுதான். வியாழன் சாயங்காலம் ஒன்பதாம் நம்பர் புது ஷூ ஒரு ஜோடி வாங்கிப் போய், ஓரத்து ஐந்தாம் பிட்சில் வைத்தேன். “நடுவுல இருக்கறத விட்ருடா. இது உனக்குத்தான்,” என்றேன். இந்த வயதில் மண்ணோடு பேரம் பேசுகிறானே என்று சிரிப்பாய். சிரி. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும்.

காலையில் நடு பிட்ச் கண்ணாடி மாதிரி இருந்தது. குழி ஐந்தாவதில் இருந்தது. தடத்தில் டயர் பூ இல்லை. ஷூ வைத்த இடத்திலேயே, கயிறுகூட அவிழ்க்காமல் இருந்தது. இடது முனை மட்டும் தேய்ந்திருந்தது.

வந்தவர்கள் தட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். நேற்று கடைசி ஆட்டத்தையும் வென்றோம். எல்லோரும் கேப்டனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஐந்தாம் பிட்ச் பக்கம் போனேன். இன்றாவது குழி இருக்கக்கூடாது என்று நினைத்தேன், இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தேன். இருந்தது.

தம்பி, நலம் என்று உன் கையால் ஒரு வரி போடு. அது வந்த அன்றே அந்தப் பிட்சை நானே பெயர்த்து எறிகிறேன். அதுவரை பேசியது பேசியபடி: ஐந்தாம் பிட்ச் உனக்கு, மைதானத்து ஆட்கள் போனதிலிருந்து காலையில் ரோலர் வரும்வரை, மாதம் ஒரு ஜோடி ஷூ, இடது முனைக்கு இரட்டைத் தோல், வாடகை கிடையாது, என் காலம் முடியும்வரை.

இப்படிக்கு,
உன் அண்ணன்